வேகம், தூரம், நேரம்: மாறாமல் நிற்பது எது என்று தேடும் முறை

ஒரு கணக்கிலிருந்தே தொடங்குவோம். ஒருவர் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வண்டியோட்டினால் சேர வேண்டிய இடத்துக்கு 10 நிமிடம் தாமதமாகப் போகிறார். அதே பாதையில், அதே நேரத்துக்குக் கிளம்பி மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் 5 நிமிடம் முன்னதாகவே போய்விடுகிறார். தூரம் எவ்வளவு?

‘தூரம் = வேகம் × நேரம்’ என்ற சூத்திரம் தெரியாதவர் யாரும் இல்லை. ஆனாலும் இந்தக் கணக்கைப் பார்த்ததும் பலருக்குக் கை நின்றுவிடுகிறது. தூரமும் தெரியாது, நேரமும் தெரியாது, சூத்திரத்தில் எதைப் போடுவது? x, y என்று வைத்துச் சமன்பாடு எழுதலாம், விடையும் வரும். அதைவிடக் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. இரண்டு பயணங்களிலும் மாறாமல் இருப்பது எது என்று பாருங்கள். தூரம்தான். வேகங்கள் 40-க்கு 50, அதாவது 4:5. தூரம் ஒன்றே என்பதால் நேரங்கள் தலைகீழாக 5:4 என்று அமையும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு பங்கு. 10 நிமிடம் தாமதத்துக்கும் 5 நிமிடம் முன்னதாகச் சேர்வதற்கும் இடையே 15 நிமிடம். ஆக ஒரு பங்கு 15 நிமிடம், முதல் பயணம் 75 நிமிடம், இரண்டாவது 60 நிமிடம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் 60 நிமிடம் என்றால் தூரம் 50 கி.மீ. பேனாவே தேவைப்படவில்லை.

வேகக் கணக்கு எந்த வடிவில் வந்தாலும், மூன்றில் எது மாறாமல் நிற்கிறது என்று முதலில் கேட்டுவிட்டால் பாதிக் கணக்கு முடிந்துவிடும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

படி 1: வேகம் என்றால் என்ன என்பதை மனதில் இருத்துங்கள்

ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு தூரம் கடக்கிறோமோ அதுதான் வேகம். ‘மணிக்கு 60 கி.மீ.’ என்றால், இதே போக்கில் போனால் ஒரு மணி நேரத்தில் 60 கி.மீ. கடந்துவிடலாம் என்று பொருள். ஒரு மணி நேரம் முழுக்க ஓட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. உசைன் போல்ட் 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். வகுத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 10.44 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 37.6 கி.மீ. அவர் ஓடியது பத்து வினாடிகூட இல்லை, ஆனாலும் அந்த ஓட்டத்தை மணிக்கணக்கில் சொல்ல முடிகிறது.

இதிலிருந்து மூன்று வடிவங்கள் கிடைக்கின்றன:

தூரம் = வேகம் × நேரம்
வேகம் = தூரம் ÷ நேரம்
நேரம் = தூரம் ÷ வேகம்

மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதலாவது தெரிந்தால் மற்ற இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. முக்கோணம் வரைந்து, அதற்குள் தூரம், வேகம், நேரம் மூன்றையும் எழுதி, வேண்டியதை விரலால் மறைத்து விடை காணும் முறை பரவலாகச் சொல்லித்தரப்படுகிறது. ஒரே ஒரு பயணம் பற்றிய கணக்குக்கு அது உதவும். ஆனால் மேலே பார்த்ததுபோல் இரண்டு பயணங்களை ஒப்பிடும் கணக்கில் முக்கோணம் எதையும் சொல்லாது. பெரும்பாலான நல்ல கணக்குகள் அப்படிப்பட்டவைதான். அதனால் முக்கோணத்தோடு நின்றுவிடாதீர்கள்.

அதற்குப் பதிலாக ஒரு அளவை மனதில் வையுங்கள்: மணிக்கு 60 கி.மீ. என்பது நிமிடத்துக்கு 1 கி.மீ. இதை வைத்துக்கொண்டு மற்ற வேகங்களை எடைபோடலாம். 90 என்றால் நிமிடத்துக்கு ஒன்றரை கி.மீ. 30 என்றால் அரை. 45 கி.மீ. தூரத்தை 60-இல் கடக்க 45 நிமிடம், 90-இல் கடக்க 30 நிமிடம். வழியில் ‘இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?’ என்று யாராவது கேட்டால் இந்த ஓர் அளவு போதும்.

படி 2: அலகுகளைச் சரிசெய்த பிறகே கணக்கில் இறங்குங்கள்

சூத்திரம் தெரிந்தும் விடை தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வேகம் கி.மீ. கணக்கில், தூரம் மீட்டரில், நேரம் வினாடியில் என்று ஒரே கேள்விக்குள் மூன்று விதமாக வரும். அவற்றை ஒரே குடும்பத்துக்குள் கொண்டுவராமல் பெருக்கினால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

மணிக்கு 18 கி.மீ. என்பது வினாடிக்கு 5 மீட்டர். காரணம் எளிது: 18 கி.மீ. என்பது 18,000 மீட்டர், ஒரு மணி நேரம் என்பது 3,600 வினாடி, வகுத்தால் 5. இந்த ஒன்றிலிருந்து மற்றவை தானாக வரும். 36 என்றால் 10, 54 என்றால் 15, 72 என்றால் 20, 90 என்றால் 25, 108 என்றால் 30. தேர்வுக் கேள்விகளில் 36, 54, 72 என்ற வேகங்களே திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இவை 18-இன் மடங்குகள் என்பதுதான். மற்ற எண்களுக்கு, கி.மீ. கணக்கை 5/18 ஆல் பெருக்கினால் வினாடிக் கணக்கு வரும். திரும்பிப் போக 18/5 ஆல், அதாவது 3.6 ஆல் பெருக்க வேண்டும். எது எதற்கு என்று குழம்பினால் ஒன்றைக் கவனியுங்கள்: வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும் எண் எப்போதும் சிறியதாக இருக்கும்.

இந்த மாற்றம் தேர்வுக்கு மட்டுமானதல்ல. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகும் ஓட்டுநர் முன்னால் ஏதோ தடையைப் பார்த்து, பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி எடுத்துக்கொண்டார் என்று வையுங்கள். அந்த ஒரு வினாடியில் வண்டி 20 மீட்டர் போய்விடும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே 20 மீட்டர்! முன்னால் போகும் வண்டியை ஒட்டியே ஓட்டுவது ஏன் ஆபத்து என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நேரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. 1 மணி 30 நிமிடம் என்பது 1.30 மணி அல்ல, 1.5 மணி. 2.4 மணி என்று விடை வந்தால் அது 2 மணி 40 நிமிடமும் அல்ல, 2 மணி 4 நிமிடமும் அல்ல. 0.4-ஐ 60 ஆல் பெருக்கினால் 24, ஆகவே 2 மணி 24 நிமிடம். முடிந்தவரை பின்னமாகவே எழுதுங்கள் என்பது என் அறிவுரை. 20 நிமிடத்தை 0.33 மணி என்று எழுதினால் கடைசியில் விடை கொஞ்சம் பிசகும். 1/3 மணி என்று எழுதினால் பிசகாது, பெரும்பாலும் அழகாக வெட்டுப்பட்டும் போகும்.

கடல், வான் போக்குவரத்தில் ‘நாட்’ என்ற அலகு வரும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. ஒரு மைல் 1.609 கி.மீ. தோராயத்துக்கு 5 மைல் 8 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 3: மாறாதது எது?

இதுதான் முக்கியமான படி. 1638-இல் வெளியான தன் நூலில் கலிலியோ சீரான இயக்கத்தை விளக்கும்போது, தூரத்தை நேரத்தால் வகுத்து வேகம் காண்பதை அவர் முன்வைக்கவில்லை. கிரேக்கர் வழியில் விகிதங்களைக் கொண்டே பேசினார். வேகம் ஒன்றேயானால் நேரங்கள் தூரங்களின் விகிதத்தில் இருக்கும். நேரம் ஒன்றேயானால் தூரங்கள் வேகங்களின் விகிதத்தில் இருக்கும். தூரம் ஒன்றேயானால் நேரங்கள் வேகங்களின் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். இந்த மூன்று வாக்கியங்களுக்குள் பெரும்பாலான வேகக் கணக்குகள் அடங்கிவிடுகின்றன.

வேகம் மாறாதபோது: மின்னலைப் பார்த்து, இடி கேட்கும்வரை எண்ணுவதே நல்ல எடுத்துக்காட்டு. 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, கிட்டத்தட்ட 3 வினாடிக்கு ஒரு கி.மீ. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 12 வினாடி என்றால் மின்னல் விழுந்தது சுமார் 4 கி.மீ. தொலைவில். ஒளி வந்து சேரும் நேரத்தை இங்கே விட்டுவிடலாம், அது ஒரு வினாடியின் லட்சத்தில் சில பங்குதான்.

நேரம் மாறாதபோது: இருவர் எதிரெதிராக ஒரே நேரத்தில் கிளம்பி வழியில் சந்திக்கிறார்கள். சந்திக்கும்வரை இருவரும் நடந்த நேரம் ஒன்றே. ஆகவே ஒருவரின் வேகம் மற்றவரைவிட இரண்டு மடங்கு என்றால், மொத்தத் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை அவர் கடந்திருப்பார். வேகம் எத்தனை கி.மீ. என்று தெரியவே வேண்டாம்.

தூரம் மாறாதபோது: கேள்விகள் அதிகம் வருவது இதில்தான், குழப்பமும் இதில்தான். வழக்கமான வேகத்தில் முக்கால் பங்கு வேகத்தில் நடந்தால் 20 நிமிடம் தாமதம் ஆகிறது, வழக்கமாக ஆகும் நேரம் எவ்வளவு? வேகம் 3/4 ஆனால் நேரம் 4/3 ஆகும். கூடியது 1/3 பங்கு. அந்த 1/3 தான் 20 நிமிடம். வழக்கமான நேரம் 60 நிமிடம்.

வேகம் 25 விழுக்காடு கூடினால் நேரமும் 25 விழுக்காடு குறையும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. வேகம் 4-இலிருந்து 5 ஆனால் நேரம் 5-இலிருந்து 4 ஆகிறது, குறைந்தது ஐந்தில் ஒன்று, அதாவது 20 விழுக்காடு. பொதுவாக, வேகம் நான்கில் ஒரு பங்கு கூடினால் நேரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். மூன்றில் ஒரு பங்கு கூடினால் நான்கில் ஒரு பங்கு குறையும். ஒரு மடங்கு கூடினால் பாதி குறையும். இப்படி ஒரே ஒரு பங்கு கூடும்போதெல்லாம் பகுதி எண்ணில் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். இந்த ஒரு வரி தெரிந்தால் இத்தகைய விழுக்காட்டுக் கேள்விகள் நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இதே உறவு அன்றாட வாழ்க்கையிலும் ஒரு முக்கியமான உண்மையைக் காட்டுகிறது. 10 கி.மீ. தூரத்தை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் கடக்க 30 நிமிடம். 40-இல் 15 நிமிடம். 60-இல் 10 நிமிடம். 80-இல் ஏழரை நிமிடம். 100-இல் 6 நிமிடம். 20-இலிருந்து 40-க்குப் போனபோது 15 நிமிடம் மிச்சம். 80-இலிருந்து 100-க்குப் போனாலும் கூட்டியது அதே 20 தான், ஆனால் மிச்சம் வெறும் ஒன்றரை நிமிடம். இன்னொரு பக்கம், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்கத் தேவைப்படும் தூரமோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடிக்கொண்டே போகிறது. மேலே போகப் போக லாபம் சுருங்குகிறது, ஆபத்து பெருகுகிறது. வேகக் கணக்கைப் பள்ளியில் சொல்லித்தரும்போது இந்த வரிசையையும் கரும்பலகையில் எழுதிக்காட்ட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

நெடுந்தூர ஓட்டக்காரர்கள் வேகத்தைச் சொல்லும் விதமும் இங்கே கவனிக்கத் தக்கது. மணிக்கு எத்தனை கி.மீ. என்று அவர்கள் கேட்பதில்லை, ஒரு கி.மீ.க்கு எத்தனை நிமிடம் என்றே கேட்கிறார்கள். பந்தயத்தில் தூரம் மாறாது, நேரம்தான் மாறும், அதனால் அதுவே அவர்களுக்கு வசதி. கென்ய ஓட்டக்காரர் கெல்வின் கிப்டும் 2023-இல் சிகாகோவில் 42.195 கி.மீ. மாரத்தானை 2 மணி 35 வினாடியில் ஓடி முடித்தார். மணிக்குச் சுமார் 21 கி.மீ., ஓட்டக்காரர் கணக்கில் ஒரு கி.மீ.க்கு ஏறத்தாழ 2 நிமிடம் 51 வினாடி.

படி 4: சராசரி வேகம்

போகும்போது மணிக்கு 40 கி.மீ., அதே வழியில் திரும்பும்போது 60. சராசரி வேகம் 50 என்று மனம் உடனே சொல்லும். அது தவறு. 120 கி.மீ. தூரம் என்று வைத்துப் பாருங்கள், 40-க்கும் 60-க்கும் வகுபடும் எண் என்பதால் வசதி. போக 3 மணி, வர 2 மணி, மொத்தம் 5 மணி. மொத்தத் தூரம் 240. வகுத்தால் 48. தூரத்தை வேறு எந்த எண்ணாக வைத்தாலும் இதே 48 தான் வரும்.

ஏன் 50 இல்லை? மெதுவாகப் போன நேரம் அதிகம், அதனால் மெதுவான வேகத்துக்கு எடை கூடுகிறது. இரண்டு வேகங்களிலும் சமமான நேரம் போயிருந்தால் 50 சரி. சமமான தூரம் என்றால் 48. இங்கேயும் அதே கேள்விதான்: இரண்டு பகுதிகளுக்கும் பொதுவாக இருப்பது நேரமா, தூரமா? தூரம் சமமானால் இரண்டு வேகங்களையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்கலாம். ஆனால் ‘மொத்தத் தூரம் ÷ மொத்த நேரம்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் எந்த வகையிலும் தவறாது.

உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய புதிர் ஒன்று உண்டு. அவர் மைலில் கேட்டதைக் கி.மீ.க்கு மாற்றிச் சொல்கிறேன். பழைய கார் ஒன்று 1 கி.மீ. மேட்டில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஏறுகிறது. மறுபக்கம் 1 கி.மீ. இறக்கம். மொத்தப் பயணத்தின் சராசரி 30 ஆக வேண்டுமானால் இறக்கத்தில் எவ்வளவு வேகம் வேண்டும்? 45 என்று சொல்லத் தோன்றும். 2 கி.மீ.யை 30 வேகத்தில் கடக்க 4 நிமிடம் ஆகும். ஏறுவதற்கே 4 நிமிடம் முடிந்துவிட்டது! இறங்க நேரமே மிச்சமில்லை. எந்த வேகத்தில் இறங்கினாலும் 30 வராது.

நிறுத்தங்களோடு வரும் கணக்கும் இந்த வகைதான். ஒரு பேருந்தின் வேகம் நிற்காமல் ஓடினால் மணிக்கு 60 கி.மீ., நிறுத்தங்களோடு சேர்த்தால் 50. மணிக்கு எத்தனை நிமிடம் நிற்கிறது? ஒரு மணி நேரத்தில் 50 கி.மீ. போகிறது, அதை ஓட 50 நிமிடம் போதும். நின்றது 10 நிமிடம்.

படி 5: இருவர் நகரும்போது இடைவெளியை மட்டும் பாருங்கள்

இரண்டு பேர் நகரும்போது ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தொடர்ந்தால் தலை சுற்றும். இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். எதிரெதிராக வந்தால் வேகங்களைக் கூட்டுங்கள், ஒரே திசையில் போனால் கழியுங்கள். இந்த விதி மிகப் பழமையானது. கி.பி. 499-ஐ ஒட்டி எழுதிய தன் நூலில் ஆரியபட்டர், இரண்டு கோள்கள் சந்திக்கும் நேரத்தைக் காண, எதிர்த்திசையில் நகர்ந்தால் இடைத்தூரத்தை வேகங்களின் கூட்டுத்தொகையாலும், ஒரே திசையில் நகர்ந்தால் வித்தியாசத்தாலும் வகுக்கச் சொல்கிறார்.

300 கி.மீ. இடைவெளியில் இரண்டு ரயில்கள் 70, 80 வேகத்தில் எதிரெதிராக வந்தால் 300 ÷ 150, இரண்டு மணியில் சந்திக்கும்.

துரத்தும் கணக்கில் ஒரு வேலை கூடுதல்: இரண்டாமவர் கிளம்பும் நேரத்தில் இடைவெளி எவ்வளவு என்று முதலில் காண வேண்டும். காலை 6 மணிக்கு ஒரு வண்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. 7.30-க்கு இன்னொன்று 60 வேகத்தில் பின்தொடர்கிறது. 7.30-க்கு இடைவெளி 60 கி.மீ. அது மணிக்கு 20 கி.மீ. வீதம் சுருங்குகிறது. 3 மணி நேரம், அதாவது 10.30-க்குப் பிடித்துவிடும். சரிபார்ப்போம்: முதல் வண்டி நாலரை மணியில் 180 கி.மீ., இரண்டாவது 3 மணியில் 180 கி.மீ. பொருந்துகிறது.

இடைக்கால ஐரோப்பிய அறிஞர் அல்குயின் தொகுத்ததாகக் கருதப்படும், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான லத்தீன் புதிர்களில் நாய் முயலைத் துரத்தும் கணக்கு இருக்கிறது. 150 அடி இடைவெளி, நாயின் பாய்ச்சல் 9 அடி, முயலின் தாவல் 7 அடி. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் 2 அடி குறைகிறது, ஆக 75 பாய்ச்சல். இதில் மணியும் இல்லை, நிமிடமும் இல்லை. இருந்தும் இது வேகக் கணக்குதான்.

சிலவற்றில் இடைவெளியைப் பார்த்தால் நேரம் கிடைக்கும், அந்த நேரமே மற்ற எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கும். 60 கி.மீ. தொலைவில் இரண்டு சைக்கிள்கள், ஒவ்வொன்றும் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் எதிரெதிராக வருகின்றன. ஒரு பறவை மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் இரண்டுக்கும் இடையே ஓயாமல் போய்ப்போய் வருகிறது. சைக்கிள்கள் சந்திக்கும்வரை பறவை எவ்வளவு பறந்திருக்கும்? ஒவ்வொரு தடவையாகக் கூட்டத் தொடங்கினால் முடிவில்லாத தொடர் வரும். சைக்கிள்கள் சந்திக்க 2 மணி. பறவை பறந்ததும் அதே 2 மணி. 50 கி.மீ.

வட்டப் பாதையிலும் இதே முறைதான், இடைவெளி மட்டும் ஒரு முழுச் சுற்று. 400 மீட்டர் பாதையில் வினாடிக்கு 5 மீட்டர், 3 மீட்டர் வேகத்தில் இருவர் ஒன்றாக ஓடத் தொடங்கினால், ஒரே திசையில் 400 ÷ 2 = 200 வினாடியில் முதல் சந்திப்பு. எதிர்த்திசையில் 400 ÷ 8 = 50 வினாடியில். கடிகார முட்களும் வட்டப் பாதையில் ஓடுபவைதான். பெரிய முள் நிமிடத்துக்கு 6 பாகை, சின்ன முள் அரை பாகை, வித்தியாசம் ஐந்தரை. 3 மணிக்கு இடைவெளி 90 பாகை. 90-ஐ 5.5 ஆல் வகுத்தால் 16 நிமிடமும் ஒரு நிமிடத்தில் 4/11 பங்கும் ஆன பிறகு முட்கள் ஒன்றுசேரும்.

படி 6: ரயில் கணக்கில் தூரம் எது?

ரயில் கணக்கின் சிரமம் வேகத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. ரயிலுக்கு நீளம் உண்டு. எஞ்சின் நுழைவதிலிருந்து கடைசிப் பெட்டி வெளியேறும்வரை எஞ்சின் எவ்வளவு தூரம் போகிறது என்று ஒரு கோடு போட்டுப் பாருங்கள். 180 மீட்டர் ரயில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு கம்பத்தைக் கடக்க அதன் சொந்த நீளம் மட்டும் போக வேண்டும்: 9 வினாடி. 220 மீட்டர் நடைமேடையைக் கடக்க 180 + 220 = 400 மீட்டர்: 20 வினாடி.

எதிரே 120 மீட்டர் ரயில் ஒன்று வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்தால், இரண்டு நீளங்களையும் கூட்டி 300, வேகங்களைக் கூட்டி 30, ஆக 10 வினாடி. ஒரே திசையில் போனால் 300 ÷ 10 = 30 வினாடி. ஆனால் முதல் ரயிலின் சன்னலோரத்தில் இருக்கும் பயணிக்கு எதிர் ரயில் எத்தனை வினாடியில் கடந்துபோகும் என்று கேட்டால், அவருக்கு நீளம் கிடையாது. எதிர் ரயிலின் 120 மீட்டர் மட்டுமே: 4 வினாடி. கேள்வியில் ‘பயணி’ என்ற சொல் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைத் திருப்பியும் கேட்பார்கள்: கம்பத்தை 9 வினாடியில், 220 மீட்டர் நடைமேடையை 20 வினாடியில் கடக்கிறது, ரயிலின் நீளம் என்ன? இரண்டிலும் மாறாதது ரயிலின் நீளம். கூடுதலாகப் போன 220 மீட்டருக்குக் கூடுதலாக ஆனது 11 வினாடி. வேகம் 20, நீளம் 180. சமன்பாடு தேவையில்லை.

படி 7: ஆறும் படகும்

நீரோட்டத்தோடு போகும்போது படகின் வேகத்தோடு நீரின் வேகம் கூடும், எதிர்த்துப் போகும்போது குறையும். 24 கி.மீ. தூரம் நீரோட்டத்தோடு 2 மணி, எதிர்த்து 3 மணி என்றால் வேகங்கள் 12, 8. பாதிக் கூட்டுத்தொகை 10 படகின் வேகம், பாதி வித்தியாசம் 2 நீரின் வேகம்.

போகும்போது ஆறு உதவுகிறது, வரும்போது தடுக்கிறது, இரண்டும் ஈடாகிவிடாதா? ஆகாது. அசையாத நீரில் 48 கி.மீ. போய்வர 4.8 மணி போதும், ஆற்றிலோ 5 மணி ஆகிறது. எதிர்த்துப் போராடும் நேரம் அதிகம் என்பதுதான் காரணம். சராசரி வேகத்தில் 50 வராமல் 48 வந்த அதே காரணம்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இந்த வகையில் ஒன்று. ஒருவர் ஆற்றில் எதிர்த்துத் துடுப்புப் போட்டுக்கொண்டு போகும்போது அவர் தொப்பி நீரில் விழுந்துவிடுகிறது. 10 நிமிடம் கழித்துத்தான் கவனிக்கிறார். உடனே படகைத் திருப்பி, அதே வலுவோடு துடுப்புப் போட்டு, தொப்பி விழுந்த இடத்திலிருந்து 1 கி.மீ. கீழே அதைப் பிடிக்கிறார். நீரோட்டத்தின் வேகம் என்ன? கரையில் நின்று பார்த்தால் எதுவும் தெரியாததுபோல் இருக்கும். நீரோடு மிதந்துகொண்டு பாருங்கள்: தொப்பி அசையவே இல்லை, படகு 10 நிமிடம் விலகிப் போனது, ஆகவே திரும்பி வரவும் 10 நிமிடம். மொத்தம் 20 நிமிடத்தில் தொப்பி 1 கி.மீ. மிதந்திருக்கிறது. மணிக்கு 3 கி.மீ. படகின் வேகம் கேள்வியிலும் இல்லை, விடைக்குத் தேவைப்படவும் இல்லை. எங்கே நின்று பார்த்தால் ஒன்று அசையாமல் நிற்கும் என்று தேடுவதும் ‘மாறாதது எது’ என்ற கேள்வியின் இன்னொரு வடிவம்தான். நகரும் படிக்கட்டுக் கணக்குகளுக்கும் இதே பார்வை உதவும்.

படி 8: விடையை நம்புவதற்கு முன்

சராசரி வேகம் இரண்டு வேகங்களுக்கும் நடுவில் இருக்கிறதா? தூரம் சமமானால் மெதுவான வேகத்தின் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறதா? மனிதர் நடப்பது மணிக்கு 5 கி.மீ. அளவில். பயணிகள் விமானம் 900 கி.மீ. அளவில். நடப்பவர் ஒருவருக்கு மணிக்கு 18 கி.மீ. என்று விடை வந்தால், வினாடிக் கணக்கையும் மணிக்கணக்கையும் எங்கோ மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். வந்த விடையைக் கேள்வியில் திரும்பப் போட்டுப் பார்ப்பது அரை நிமிட வேலை. அதை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, எல்லாப் படிகளையும் சோதித்துப் பார்க்க ஒரு கணக்கு. இரு ஊர்களிலிருந்து இருவர் ஒரே நேரத்தில் எதிரெதிராகக் கிளம்புகிறார்கள். வழியில் சந்தித்த பிறகு முதலாமவர் 4 மணியிலும் இரண்டாமவர் 9 மணியிலும் எதிர் ஊரை அடைகிறார்கள். வேகங்களின் விகிதம் என்ன? தூரமும் இல்லை, வேகமும் இல்லை. சந்திக்கும் இடம் பாதையை இரண்டு துண்டாக்குகிறது. சந்திக்க ஆன நேரத்தை t என்று வையுங்கள், அது இருவருக்கும் ஒன்றே. முதல் துண்டை முதலாமவர் t மணியில் கடந்தார், அதே துண்டை இரண்டாமவர் பிறகு 9 மணியில் கடந்தார். இரண்டாவது துண்டை முதலாமவர் 4 மணியில், இரண்டாமவர் t மணியில். ஒவ்வொரு துண்டிலும் தூரம் மாறாதது, வேகங்களும் மாறவில்லை, ஆகவே இரண்டு துண்டுகளிலும் நேர விகிதம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்: t-க்கு 9 எப்படியோ, 4-க்கு t அப்படி. t × t = 36, சந்திக்க ஆனது 6 மணி. நேரங்கள் 6:9, அதாவது 2:3, வேகங்கள் 3:2. சரிபார்க்க மொத்த நேரத்தைப் பாருங்கள்: முதலாமவருக்கு 6 + 4 = 10 மணி, இரண்டாமவருக்கு 6 + 9 = 15 மணி, முழுப் பாதையிலும் அதே 2:3.